தக்கை ஆடுகிறது, சுண்டினால் வெறும் முள்: எங்கே தவறுகிறேன்?

புதுத்தூண்டில் எழுதியது:

வணக்கம். தூண்டில் போடத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு நாளும் சேர்த்து ஒரு மீன் கூட இல்லை. கெண்டை பிடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. குளத்தில் கெண்டை இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். விடியற்காலையில் நாணல் ஓரத்தில் முதுகைக் காட்டிவிட்டுப் போகிறது, என்னைக் கேலி செய்வதுபோல.

என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 3.6 மீட்டர் கம்பு, சிறிய ரீல், 0.30 மி.மீ. தங்கூசி (நைலான்) நரம்பு, 6ஆம் எண் முள். தக்கை, பாதிக் கோழிமுட்டை அளவுள்ள சிவப்பு உருண்டை. அதன் தலையிலும் காலிலும் நரம்பைக் கோத்திருக்கிறேன். முள்ளுக்கு ஒரு சாண் மேலே பெரிய ஈயக்குண்டு ஒன்று. தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே 1.2 மீட்டர் விட்டிருக்கிறேன். ஏன் 1.2 என்று கேட்டால் பதில் இல்லை, கையை நீட்டி அளந்தபோது அவ்வளவுதான் வந்தது. இரை மக்காச்சோள மணி. மூன்று நான்கு மணிகளைக் கோத்து முள் வெளியே தெரியாதபடி மூடிவிடுவேன். வீசுவது முடிந்த வரை தூரம், இருபது மீட்டருக்குக் குறையாது.

தக்கை விழுந்து ஐந்து நிமிடத்தில் துள்ளத் தொடங்கும். டக் டக்கென்று ஆடும், சுற்றிலும் சிறு அலை கிளம்பும், ஆனால் முழுகாது. சுண்டினால் இரை இருக்காது, சில நேரம் சோளத்தின் தோல் மட்டும் முள்ளில் தொங்கும். இன்னொரு மாதிரியும் நடக்கிறது. தக்கை மெதுவாகச் சாய்ந்து ஒரு பக்கமாக நகர்ந்து, பிறகு தானே நிமிர்ந்துகொள்ளும். போன வாரம் அப்படிச் சாய்ந்தபோது பலமாகச் சுண்டினேன். ஒரு கணம் கனமாக ஏதோ மாட்டியது, கம்பு வளைந்தது, உடனே விட்டுப்போயிற்று. முள்ளை எடுத்துப் பார்த்தால் நுனியில் ஒரு செதில். என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, ஓரத்தில் பொன்னிறம். அதைக் காயவைத்துப் பணப்பையில் வைத்திருக்கிறேன். இதுவரை நான் பிடித்த கெண்டை அவ்வளவுதான்.

எங்கே தவறுகிறேன்? முள்ளா, இரையா, சுண்டும் நேரமா?


சேற்றுக்கால் எழுதியது:

இரையை மாற்றுங்கள். மக்காச்சோளம் ஆகாது. மண்புழு போடுங்கள், மாட்டும்.


நாணல் எழுதியது:

மண்புழு போட்டால் பொடிமீன் தொல்லை இன்னும் கூடும் சேற்றுக்கால் அவர்களே. டக் டக்கென்று ஆடுகிறது, முழுகவில்லை, சோளத்தில் தோல் மட்டும் மிஞ்சுகிறது என்கிறார். அது விரல் நீள மீன்கள் கூடிக் கொறிக்கும் வேலை. கெண்டைக்குத் தாடையில் பல்லே கிடையாது. அதன் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. வாயைக் குழாய்போல முன்னே நீட்டி உறிஞ்சும், உள்ளே கொண்டுபோய் நசுக்கும். இரையைக் கெண்டை எடுத்திருந்தால் தோலை மட்டும் நாகரிகமாக விட்டுவைக்காது.

அதற்கு முன் ஒரு கேள்வி. கெண்டை என்றால் எந்தக் கெண்டை? நம் மொழியில் இந்த ஒரு சொல்லுக்குள் அரைக் குளம் அடங்கிவிடும். கவிதையில் கண்ணுக்கு உவமையாக வருவது சிறு கெண்டை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கட்லா மேல்மட்டத்தில் மேயும், அதன் வாயே மேல்நோக்கித்தான் இருக்கும். ரோகு நடுநீரில், மிர்கால் அடியில். புல்கெண்டை செடி தின்னும். வெள்ளிக்கெண்டை நீரை வடிகட்டி நுண்ணுயிரைத் தின்பது, அதற்குத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பது வீண். உங்கள் செதில் பெரியது, ஓரம் பொன்னிறம் என்கிறீர்கள். சாதாக்கெண்டையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உதட்டோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கும். அப்படியானால் அடிமட்டத்தில் தேடுங்கள்.

இன்னொன்று, அந்த ஈயக்குண்டை விட்டுவிடுங்கள். வாத்தும் அன்னமும் இரைப்பையில் அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். கரையில் உதிர்ந்த குண்டும் அவற்றுக்குக் கல்தான். அன்னங்கள் ஈய நஞ்சால் இறந்ததைத் தொடர்ந்து பிரிட்டனில் 1987 முதல் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. ஈயமில்லாத குண்டுகள் கிடைக்கின்றன. கொஞ்சம் கடினமாக இருக்கும், மற்றபடி குறையில்லை.


கரையோரக்கிழவன் எழுதியது:

எனக்கு அறுபத்தெட்டு நடக்கிறது, அதனால் தம்பி என்றே அழைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முள்ளா, இரையா, நேரமா என்று கேட்கிறாய். மூன்றும் இல்லை. உன் இரை இதுவரை தரையையே பார்க்கவில்லை. 1.2 மீட்டர் என்பது உன் கையின் நீளம், குளத்தின் ஆழம் அல்ல. இருபது மீட்டர் தள்ளி ஆழம் இரண்டு மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள். உன் சோளம் நடுநீரில் தொங்கும் விளக்கு. பொடிமீன்கள் அதைச் சுற்றித் திருவிழா நடத்துகின்றன. கெண்டையோ கீழே சேற்றில் மூக்கை நுழைத்துக்கொண்டு தன்பாட்டில் மேய்ந்துகொண்டிருக்கிறது. தலைக்கு மேலே நீ என்ன தொங்கவிட்டிருக்கிறாய் என்று அதற்குக் கவலையே இல்லை.

செதில் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. தக்கை மெதுவாகச் சாய்ந்து, நகர்ந்து, தானே நிமிர்ந்தால் அது கடி இல்லை. நீந்திப்போகும் மீனின் உடம்பில் உன் நரம்பு உரசுகிறது, அவ்வளவுதான். நீ சுண்டினாய், முள் விலாவில் பட்டு ஒரு செதிலைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதாவது மீன் அங்கேதான் இருந்தது. உன் இரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உரசலுக்குச் சுண்டாதே. மீனுக்கும் காயம், கூட்டமும் கலைந்துவிடும்.

இனி ஆழம் பார்ப்பது. அடுத்த முறை போனதும் இரையைத் தொடாதே. முள்ளில் ஒரு கனமான குண்டைச் செருகு, அல்லது களிமண்ணைப் பிசைந்து நெல்லிக்காய் அளவுக்கு ஒட்டு. தக்கையை முழுக்க அமுக்கிவிடும் கனம் இருக்க வேண்டும். நீ மீன் பிடிக்கப்போகும் அதே இடத்தில் போடு. தக்கை முழுகிப்போனால் நரம்பு போதவில்லை, தக்கையை மேலே ஏற்று. தக்கை நீர்மேல் படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம், கீழே இறக்கு. தக்கையின் நுனி மட்டும் சரியாக நீர்மட்டத்தில் நிற்கும் இடம் ஒன்று கிடைக்கும். அதுதான் ஆழம். ஓரிடத்தில் பார்த்துவிட்டு நிற்காதே, இடது பக்கம் ஒரு முழம், வலது பக்கம் ஒரு முழம், முன்னே ஒரு முழம் என்று பத்துப் பதினைந்து தடவை பார். நான் இன்றும் முதல் அரை மணி நேரத்தை இதற்குத்தான் கொடுக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். கரையிலிருந்து மூன்று மீட்டர் வரை தட்டையாக வந்து, அங்கே திடீரென்று அரை மீட்டர் இறங்கும் ஒரு படி தென்படும். அந்தப் படியின் அடிதான் கெண்டை நடக்கும் பாதை. இரையெல்லாம் உருண்டு அங்கேதான் சேரும்.

இதிலிருந்தே அடுத்ததும் வருகிறது. எதற்கு இருபது மீட்டர்? நாணல் ஓரத்தில் முதுகு தெரிகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். மீன் உன் காலடியில் மேய்கிறது, நீ அதன் தலைக்கு மேலே தூர வீசுகிறாய். கம்பின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு போதும். ஆனால் கிட்டத்தில் பிடிப்பதென்றால் பூனைபோல நடக்க வேண்டும். கெண்டையின் காற்றுப்பையையும் உட்காதையும் சிறு எலும்புகள் சங்கிலிபோல இணைக்கின்றன. நீ கரையில் வாளியைத் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்வு காற்றுப்பை வழியாக நேராக அதன் காதுக்குப் போய்விடும். வாளியை மெத்தென்று வை. நீர்விளிம்பில் நிற்காதே, உன் நிழல் நீர்மேல் விழாதபடி ஓரடி பின்னால் உட்கார்.

அந்தச் சிவப்பு முட்டையைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடு. சந்தேகம் இருந்தால் வீட்டில் வாளி நீரில் அதை மிதக்கவிட்டு ஒரு விரலால் அமுக்கிப் பார். எவ்வளவு எதிர்க்கிறது பார்த்தாயா? கெண்டை இரையை உறிஞ்சியதும் அந்த எதிர்ப்பைத்தான் உணர்கிறது. உணர்ந்தால் கையால் எடுத்து எறிவதுபோல ஊதித் துப்பிவிடும். நமக்கு வேண்டியது ஒல்லியாக, நீளமாக, எழுதுகோல் தடிமனுக்குள் இருக்கும் தக்கை. கண்ணுக்குத் தெரிவது ஒரு சென்டிமீட்டர் நுனி மட்டும் இருந்தால் போதும், மீதியெல்லாம் நீருக்குள். அடியில் உள்ள வளையத்தில் மட்டும் நரம்பைக் கோத்து, வளையத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு குண்டை நெரித்துத் தக்கையை அங்கே பூட்டிவிடு. தலையிலும் கோத்தால் நரம்பு நீர்மேல் கிடந்து, காற்றடிக்கும்போதெல்லாம் தக்கையை இழுத்துக்கொண்டு போகும். குண்டை நெரிக்கும்போது பல்லால் கடிக்காதே, பல்லும் போகும் நரம்பும் நசுங்கும். நகர்த்தும்போது நரம்பை ஈரமாக்கிக்கொள். உலர்ந்த நரம்பில் குண்டை இழுத்தால் உராய்ந்து சூடேறி அந்த இடம் பலவீனமாகும்.

இப்போது முக்கியமானது. தக்கையைப் பூட்டிய இரண்டு குண்டுகளும் மிகச் சிறியவையாக இருக்கட்டும், பெரும்பங்கு கனம் கடைசிக் குண்டில் இருக்க வேண்டும். கடைசியாக ஒரே ஒரு குண்டு, முள்ளுக்கு நான்கு விரல்கடை மேலே. அது இருந்தால் தக்கை நுனி வரை அமிழ வேண்டும், அது இல்லாவிட்டால் தக்கை எழுந்து நீர்மேல் படுத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கனத்தைத் தேர்ந்துகொள். நீ பார்த்து வைத்த ஆழத்தைவிடக் கொஞ்சம் நரம்பைக் கூட்டு, அந்தக் குண்டு தரையில் உட்காரும் அளவுக்கு. போட்டதும் ரீலை மெதுவாகச் சுற்றி நரம்பை விறைப்பாக்கினால் தக்கை நிமிர்ந்து நுனி வரை அமிழும்.

மீன் கடித்தால் தக்கை முழுகும் என்றுதான் எல்லோரும் காத்திருக்கிறோம். அடியில் மேயும் கெண்டை எப்படித் தின்கிறது என்று யோசித்துப் பார். வாலை மேலே தூக்கி, தலையைக் கீழே குத்திக்கொண்டு, சோளத்தை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய பிறகு என்ன செய்யும்? உடம்பை நிமிர்த்தும். நிமிரும்போது வாயில் உள்ள முள்ளோடு அந்தக் குண்டும் தரையிலிருந்து எழும். தக்கையை இழுத்துப் பிடித்திருந்த கனம் போய்விட்டது, தக்கை என்ன செய்யும்? மேலே வரும். முதலில் ஒரு சென்டிமீட்டராக இருந்த நுனி மூன்றாகும், ஐந்தாகும், பிறகு தக்கை முழுவதும் எழுந்து நீர்மேல் படுத்துக்கொள்ளும். தக்கை எழும்போதே சுண்டு. படுக்கும் வரை காத்திருக்காதே. இதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, குண்டு கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்து வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அது துப்பிவிட்டுப் போயிற்று. ஒரு பருவம் முழுக்க அப்படி வாய் பார்த்திருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சுண்டுவது என்றால் களை பிடுங்குவது இல்லை. நான்கு மீட்டர் தூரத்துக்கு மணிக்கட்டை மேலே தூக்கினால் போதும்.

முள் 6ஆம் எண் பெரிது. எண் கூடினால் முள் சிறுக்கும், இதில் புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவை ஏமாறுவார்கள். 10ஆம் எண் எடு. இரண்டு மணி போதும், முள்முனை வெளியே தெரியட்டும். மூடி மறைத்தால் முனை சோளத்தைக் குத்துமே தவிர உதட்டைக் குத்தாது. கெண்டை முள்ளைப் பார்த்துப் பயப்படாது, அது கண்ணால் தின்னும் பிராணி இல்லை, மீசையால் தடவித் தின்பது. நரம்பு 0.22 அல்லது 0.25 போதும். முள்ளோடு சேரும் கடைசி முழம் மட்டும் அதைவிட ஒரு படி மெல்லியதாகக் கட்டு. எங்காவது சிக்கி அறுந்தாலும் அங்கே அறும். தக்கையை இழுத்துக்கொண்டு ஒரு மீன் குளம் முழுக்கத் திரியும் பாவம் வராது.

இரை தூவுவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, அப்படியென்றால் தூவவில்லை என்று அர்த்தம். கெண்டைக்கு வயிறு என்ற உறுப்பே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் ஒரேயடியாக உண்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். நீயும் அப்படியே போடு. எட்டுப் பத்துச் சோள மணிகள், தக்கையின் தலையில் விழும்படி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒரு டப்பாவை மொத்தமாகக் கொட்டினால் உன் இரண்டு மணி அந்தக் குவியலில் காணாமல் போகும். தூவிக்கொண்டே நீரைப் பார். கடுகு சிதறினாற்போல நுண்ணிய குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தால், அது சேற்றைக் கிளறுகிறது. அப்போது மூச்சு கூடச் சத்தமாக விடாதே.


நாணல் எழுதியது:

ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடி, அடி என்கிறார். வெயில் ஏறிய பிறகு சாதாக்கெண்டையும் மேலே வந்து வெயில் காயும். அந்த நேரத்தில் குண்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, முள்ளில் ரொட்டியின் ஓரத்துண்டைக் கோத்து மிதக்கவிட்டுப் பிடித்திருக்கிறேன். தொடங்கும் நண்பருக்கு இப்போது அது வேண்டாம், ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குத் தக்கை அசையவில்லை என்றால் தலையைத் தூக்கி நீர்ப்பரப்பையும் பாருங்கள்.

காற்றுக்கு ஒரு வழி. வீசியதும் கம்பின் நுனியை நீருக்குள் ஒரு முழம் அமிழ்த்தி, ரீலை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், நரம்பு அமிழ்ந்துவிடும். அமிழ மறுத்தால், பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டைத் துணியில் விட்டு நரம்பைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குதான் அதை மிதக்க வைக்கிறது.


கரையோரக்கிழவன் எழுதியது:

வெயில் காய்வதை மறுக்கவில்லை அம்மா. ஆனால் பன்னிரண்டு மணிக்கு நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன், அதனால் எனக்குத் தெரியாது.


புதுத்தூண்டில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் போன வாரம் எழுத மனமில்லை. காரணம் கீழே.

முதலில் ஆழம். பழைய இடத்தில் பார்த்தேன், 1.9 மீட்டர். என் சோளம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஆறு வாரம் தொங்கியிருக்கிறது. பிறகு நாணல் ஓரம் வந்தேன். ஐயா சொன்ன படி அங்கே இருந்தது. கரையிலிருந்து நான்கு மீட்டரில் 80 சென்டிமீட்டர், அதற்கு ஒரு முழம் தள்ளி 1.3 மீட்டர். களிமண் உருண்டையோடு முக்கால் மணி நேரம் விளையாடினேன். பக்கத்தில் ஒருவர் உண்மையிலேயே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

புதுத் தக்கையைச் சரிசெய்ய வீட்டில் வாளி போதவில்லை, தண்ணீர்த் தொட்டியில் செய்தேன். கடைசிக் குண்டின் கனம்தான் படாதபாடு படுத்தியது. முதலில் கட்டிய குண்டு சிறிதாகிவிட்டதால் தக்கை எழவும் இல்லை அமிழவும் இல்லை. இரண்டு அளவு பெரியதாகப் போட்ட பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது.

முதல் வாரம். ஆறரை மணிக்குக் குமிழிகள் வந்தன. கடுகு சிதறினாற்போல என்பது எவ்வளவு சரி! தக்கை லேசாக நடுங்கியது. பிறகு அந்த நுனி எழுந்தது. யாரோ அடியிலிருந்து விரலால் தள்ளுவதுபோல, அவசரமே இல்லாமல் எழுந்தது. படித்திருந்தும் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். தக்கை படுத்துவிட்டது, பிறகு மறுபடி நிமிர்ந்து அமிழ்ந்தது. துப்பிவிட்டுப் போய்விட்டது. அரை மணி கழித்து இன்னொரு தடவை எழுந்தது. இம்முறை தூக்கினேன்.

அந்தக் கனத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் எதிலோ சிக்கியதுபோல அசையாமல் இருந்தது, பிறகு அந்த ‘எதுவோ’ நடக்கத் தொடங்கியது. கம்பு வளைந்தது. ரீல் ஒரு சுற்றும் நரம்பு விடவில்லை, நானும் இறுகப் பிடித்திருந்தேன். நாலைந்து நொடிதான். பட்டென்று கம்பு நிமிர்ந்தது. முள் இல்லை, நரம்பு மட்டும் வந்தது. நுனி சுருள் சுருளாக, பன்றி வால்போல இருந்தது. அன்று வீட்டில் யாரோடும் பேசவில்லை.

நரம்பு மெல்லியதாகிவிட்டதா? 0.30க்கே திரும்பிப் போகலாமா?


கரையோரக்கிழவன் எழுதியது:

திரும்பிப் போகாதே. பன்றி வால் என்று எழுதினாயே, அதிலேயே பதில் இருக்கிறது. நரம்பு அறுந்தால் நுனி வெட்டினாற்போல இருக்கும். சுருண்டு வந்தால் அறவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்துவிட்டது. எத்தனை சுற்றுப் போட்டாய்? மூன்றா? எச்சில் தொட்டாயா? மிச்ச வாலை முடிச்சோடு ஒட்ட வெட்டினாயா? மூன்றையும் செய்திருப்பாய் என்று நினைக்கிறேன், அதாவது எச்சிலைத் தவிர.

முள்ளின் வளையத்தில் நரம்பை நுழை. வந்த நுனியை மூல நரம்பின்மேல் ஆறு சுற்றுச் சுற்று. வளையத்தை ஒட்டி ஒரு சிறிய கண் திறந்திருக்கும், நுனியை அதன் வழியாக விடு. அப்போது பெரிய கண் ஒன்று உண்டாகும், அதற்குள்ளும் ஒரு தடவை விடு. இனி வாயில் வைத்து நன்றாக நனைத்து, மெதுவாக, ஒரே சீராக இறுக்கு. சுற்றுகள் அடுக்கி வைத்த வளையல்போல உட்கார வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடு. வால் மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும். வீட்டில் முள்ளைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ரீல் நரம்பு விடவில்லை என்பது இரண்டாவது குற்றம். முடிச்சு தாங்கியிருந்தாலும் வேறெங்காவது அறுந்திருக்கும். ரீலில் டிராக் என்று ஒரு திருகு இருக்கிறது, எவ்வளவு இழுத்தால் நரம்பு விட வேண்டும் என்று சொல்லும் திருகு. நரம்பு தாங்கும் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். மூன்று கிலோ தாங்கும் நரம்பென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நுனியில் கட்டித் தூக்கு. பாட்டில் எழும்பியும் எழும்பாமலும் ரீல் கர்ரென்று விட வேண்டும். அந்த இடத்தில் நிறுத்து. மீன் ஓடினால் ஓடட்டும், கம்பைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிரு. களைத்து நின்றதும் சுற்று.

கரைக்கு வந்ததும் வலையோடு மீனைத் துரத்தாதே. வலையை முன்கூட்டியே நீருக்குள் அமிழ்த்தி வைத்துவிட்டு மீனை அதன்மேல் இழுத்துக்கொண்டு வா. கையை நனைத்துக்கொண்டு தொடு. அதன் மேலுள்ள வழுவழுப்பு அழுக்கு இல்லை, தோலைக் காக்கும் கவசம். முள்ளின் எதிர்முள்ளை, அதாவது முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை, இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு திருப்பில் கழன்று வரும்.


புதுத்தூண்டில் எழுதியது:

ஐயா, மூன்று சுற்றுதான். எச்சில் தொடவில்லை. வாலை நகவெட்டியால் ஒட்ட வெட்டினேன். எங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்தீர்களா?

இன்று காலை 6.50க்கு. தக்கை எழுந்தது, பாதியிலேயே தூக்கிவிட்டேன். ரீல் கர்ரென்று விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாணலுக்குள் நுழையப் பார்த்தது, கம்பை மறுபக்கம் சாய்த்ததும் திரும்பியது. பத்து நிமிடம் இருக்கும். வலையில் ஏறியதும் கை நடுங்கியதில் முள்ளைக் கழற்ற முடியவில்லை. பரிதாபமாகப் பார்த்த அதே மனிதர்தான் வந்து வலையைப் பிடித்துக்கொண்டார். மீசை எண்ணினேன், நான்கு. எடை பார்க்கவில்லை, தராசு வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிக்குக் கொஞ்சம் மேலே நீளம். வலது விலாவில் ஓரிடத்தில் ஒரு செதில் குறைந்து, புதிதாகச் சின்னதாக ஒன்று முளைத்திருந்தது. அதே மீன் என்று சொல்ல மாட்டேன். பணப்பையை எடுத்து வைத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது.

நீருக்குள் பிடித்திருந்து விட்டேன். போகும்போது வாலால் ஒரு அடி அடித்துவிட்டுப் போனது, மூக்குக்கண்ணாடியெல்லாம் சேறு.


சேற்றுக்கால் எழுதியது:

வாழ்த்துகள். கடைசியில் என்ன இரை போட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே?


புதுத்தூண்டில் எழுதியது:

அதே மக்காச்சோளம்தான்.